‘கைண்ட் ஆஃப் புளூ’வைக் கேட்பது எப்படி: பாஸில் தொடங்கி டிரம்பெட்டுக்குச் செல்லும் முழுமையான வழிகாட்டி

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் தலைமையில் 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் பதிவான ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற ஜாஸ் ஆல்பத்தை முதல் முறை கேட்பவர்களில் பலர், இனிமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதைக் கடந்து போய்விடுகிறார்கள். அதில் மலைக்க வைக்கும் வேகம் கிடையாது, உரத்த உச்சங்கள் கிடையாது, பாடல் வரிகளும் கிடையாது. நானும் அதைப் பல மாதங்கள் வேறு வேலைகளுக்கு நடுவே பின்னணியில் ஓடவிட்டிருக்கிறேன். ஒருநாள் கூட அது என்னைக் கைவேலையை நிறுத்தச் செய்ததில்லை. பிறகு ஓர் இரவில், டிரம்பெட்டைத் தொடர்வதை விட்டுவிட்டு அடியில் ஒலிக்கும் பாஸை (டபுள் பாஸ் என்ற, தாழ்ந்த குரல் கொண்ட பெரிய தந்திக் கருவியை) மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து கேட்டேன். அதன் பிறகுதான் டிரம்பெட் ஏன் அவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பது எனக்குப் புரிந்தது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே, அடியிலிருந்து மேலே செல்கிறது.

யார் யார் வாசிக்கிறார்கள்

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் எந்தக் குரல் யாருடையது என்று தெரிந்திருந்தால் கேட்பது எளிதாகும். டிரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸ், டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, டபுள் பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப், பியானோவில் பில் எவன்ஸ். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற ஒரே ஓர் உருப்படியில் மட்டும் எவன்ஸுக்குப் பதிலாக வின்டன் கெல்லி பியானோ வாசிக்கிறார். எவன்ஸ் 1958ஆம் ஆண்டின் இறுதியிலேயே குழுவை விட்டு விலகியிருந்தார்; இந்தப் பதிவுக்காக டேவிஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

பதிவு இரண்டே நாட்களில், 1959 மார்ச் 2 அன்றும் ஏப்ரல் 22 அன்றும், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் நடந்தது. அந்த உயர்ந்த கூரையின் கீழ் ஒலிக்குக் கிடைத்த இடத்தை நீங்கள் ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் உணரலாம். இரண்டாம் நாள் பதிவு நடந்த ஏப்ரல் 22, பால் சேம்பர்ஸின் 24ஆவது பிறந்தநாள் என்பதை அறிந்த பிறகு, அந்த நாளில் பதிவான இரண்டு உருப்படிகளில் அவருடைய விரல்களை இன்னும் அக்கறையோடு கேட்கிறேன்.

முதல் படி: கருவியும் பிரதியும்

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள். டபுள் பாஸின் அடித்தளச் சுரங்களை அந்தச் சிறிய ஸ்பீக்கரால் ஒலிக்க முடியாது. அவை இல்லாமல் கேட்டால், அடித்தளமே இல்லாத கட்டடத்தைப் பார்ப்பது போலாகிவிடும். காதை முழுவதும் மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஹெட்ஃபோனில் கேட்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு: ஸ்டீரியோ பதிவில் இரண்டு சாக்ஸபோன்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒலிப்பதால், கோல்ட்ரேனையும் ஆடர்லியையும் பிரித்தறிவது முதல் நாளிலேயே எளிதாகிவிடும். ஒலியின் அளவை, ஆரம்பத்தில் வரும் பியானோவின் மெல்லிய சுரங்கள் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, அதன் பிறகு கை வைக்காதீர்கள்.

பிரதியைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. மார்ச் 2 அன்று மூல நாடாவைப் பதிவு செய்த இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டி இசைத்தட்டு தயாரித்தபோது, முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் வாசித்ததைவிடச் சற்று வேகமாகவும் சற்று ஏறிய சுருதியிலும் அமைந்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அந்த ஏறிய சுருதியில்தான் அவற்றைக் கேட்டது. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவைக் கொண்டு 1992இல் இந்தப் பிழை திருத்தப்பட்டது. பின்னர் 1997இல் வந்த பிரதியும் திருத்தப்பட்டதே. வெறுமனே கேட்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாமல் போகலாம், ஆனால் ஏதாவது ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உடன் வாசித்துப் பார்க்க விரும்புகிறவருக்குத் திருத்தப்பட்ட பிரதி இல்லாவிட்டால் சுருதி சேரவே சேராது.

இரண்டாம் படி: இரண்டு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இது இரண்டு பக்கங்கள் கொண்ட இசைத்தட்டாக வெளிவந்தது. முதல் பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம், இரண்டாம் பக்கம் ஏறத்தாழ 21 நிமிடம். ஒரே மூச்சில் 45 நிமிடமும் கேட்பதைவிட, ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டுச் சில நிமிடங்கள் சும்மா இருந்து, பிறகு அடுத்த பக்கத்துக்குப் போவது நல்லது. வரிசையைக் கலைத்து ஓட்டும் வசதியையும், ஆல்பம் முடிந்ததும் தானாக வேறொன்றைத் தொடங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். முதல் முறை எதையும் கவனிக்க முயலாமல், எதையும் படிக்காமல் கேளுங்கள். இந்த வழிகாட்டியையும் அப்போது மூடி வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பாஸைப் பின்தொடர்தல்

இரண்டாம் முறை கேட்கும்போது ‘சோ வாட்’ என்ற முதல் உருப்படியோடு தொடங்குங்கள். முதல் அரை நிமிடம் போலப் பியானோவும் பாஸும் தாளக்கட்டு இல்லாமல், இருட்டில் தடவிப் பார்ப்பதைப் போல வாசிக்கின்றன. பிறகு தாளம் பிடிக்கிறது, பாஸ் பேசத் தொடங்குகிறது. வழக்கமாக ஜாஸில் மையமான மெட்டை ஊதுகருவிகள் வாசிக்கும், பாஸ் பின்னால் நிற்கும். இங்கே மெட்டையே பாஸ் வாசிக்கிறது. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் அதைச் சுரமாகவே பிடித்துவிடலாம்: ‘ப த நி ஸ ரி நி ஸ’ என்று ஏறி, மேல் ரிஷபத்தைத் தொட்டுவிட்டு, நிஷாதம் வழியாகச் சட்ஜத்தில் வந்து நிற்கும். உடனே இரண்டு கார்டுகள் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது கார்டு), ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், பதில் சொல்லும். முதலில் பியானோ மட்டும் பதில் சொல்கிறது, பிறகு மூன்று ஊதுகருவிகளும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன.

இந்த இடத்தில் நிறுத்தி, இதே ஒரு நிமிடத்தை நான்கைந்து முறை திரும்பக் கேளுங்கள். கேள்வி பாஸிடம், பதில் மற்ற எல்லோரிடமும் என்ற இந்த ஏற்பாட்டில்தான் ஆல்பம் முழுவதன் இயல்பும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. தலைவரான டேவிஸ் தன் ஆல்பத்தின் முதல் வாக்கியத்தைப் பேசும் உரிமையைக் குழுவின் மிகத் தாழ்ந்த குரலுக்குக் கொடுத்துவிட்டு, பதில் சொல்பவர்களில் ஒருவராகக் கூட்டத்தில் நிற்கிறார்.

மெட்டு முடிந்து ஒவ்வொருவரும் மனோதர்மமாக, அதாவது அந்தக் கணத்தின் கற்பனையில், தனி வாசிக்கத் தொடங்கியதும் பாஸின் வேலை மாறுகிறது. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம் வீதம், நடை போடுவதைப் போல, இடைவிடாமல் வாசித்துக்கொண்டே போகிறது. உருப்படியின் ஒன்பது நிமிடமும் மற்ற யாரையும் கவனிக்காமல் இந்த நடையை மட்டும் பின்தொடர முயலுங்கள். சாக்ஸபோன் உள்ளே வந்ததும் காது அந்தப் பக்கம் ஓடத்தான் செய்யும். அதைக் குற்றமாக எண்ணாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இந்தப் பயிற்சியை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

நான்காம் படி: வடிவத்தை எண்ணிப் பார்த்தல்

பாஸின் நடை பிடிபட்டதும் அதை எண்ணுங்கள். நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். ‘சோ வாட்’டின் ஒரு சுற்று 32 பார்களைக் கொண்டது: முதல் 16 பார்கள் ஓர் இடத்தில், அடுத்த 8 பார்கள் அதற்கு அரைச்சுரம் மேலே, கடைசி 8 பார்கள் மீண்டும் பழைய இடத்தில். விரல்களில் எண்ணினால் சில நிமிடங்களில் பழகிவிடும். டேவிஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு சுற்று, ஆடர்லி இரண்டு சுற்று, எவன்ஸ் ஒரு சுற்று என்ற வரிசையில் தனி வாசிப்புகள் அமைந்திருக்கின்றன.

இங்கு பயன்படும் சுர வரிசைக்கு மேற்கத்திய இசையில் டோரியன் என்று பெயர். அதன் ஏழு சுரங்களும் நம் கரகரப்பிரியா ராகத்தின் ஏழு சுரங்களே. இதைச் சொன்னதும் இது ஜாஸ் கரகரப்பிரியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுரத்தை அசைக்கும் கமகம் இல்லை, ராகத்துக்கே உரிய பிடிகள் இல்லை, ராகத்தின் உயிர் இல்லை, சுரங்கள் மட்டுமே பொது. ஆனாலும் பழகிய சுரங்கள் காதுக்கு ஒரு கைப்பிடியாக உதவும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு உண்மையான வியப்பு 17ஆவது பாரில் காத்திருக்கிறது: அங்கே அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜமே அரைச்சுரம் மேலே நகர்ந்துவிடுகிறது. இது கிரக பேதம் அல்ல. கிரக பேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க சட்ஜம் மட்டும் இடம் மாறும். இங்கே சட்ஜத்தோடு ஏழு சுரங்களும் சேர்ந்து ஒரு படி ஏறுகின்றன. எட்டு பார்கள் கழித்து அத்தனையும் இறங்கி வீடு வந்து சேரும்போது ஏற்படும் ஆறுதலை, எண்ணிக் கேட்பவர் மட்டுமே முழுமையாக உணர்வார்.

அதற்கு முந்தைய பத்தாண்டின் ஜாஸில் கார்டுகள் ஒரு பாருக்கு ஒன்றோ இரண்டோ என வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். இங்கே ஒரே சுர வரிசையில் 16 பார்கள் தங்கிவிடுவதால் துரத்த எதுவும் இல்லை. ஓட வேண்டிய கட்டாயம் போனதும், என்ன சொல்லப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஆல்பத்தின் உள்முகமான தன்மை பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

ஐந்தாம் படி: இப்போது டிரம்பெட்

இனி ‘சோ வாட்’டில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் டேவிஸின் தனி தொடங்கும் இடத்துக்குச் செல்லுங்கள். அவர் நுழையும் தருணத்தில் ஜிம்மி காப் சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓர் அடி கொடுக்கிறார். அதன் ஒலி பளீரென்று எழுந்து, பரவி, மெல்லத் தேய்ந்துகொண்டே போகிறது. அந்தத் தேய்வுக்கு உள்ளேதான் டிரம்பெட்டின் முதல் சொற்கள் விழுகின்றன: இரண்டு மூன்று சுரங்கள், பிறகு ஓர் இடைவெளி, மீண்டும் சில சுரங்கள். சிம்பலின் ஒலி முற்றிலும் மறைவதற்குள் அவர் எத்தனை குறைவாகச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து அவர் சுரத்தைப் பிடிக்கும் விதம். பல டிரம்பெட் கலைஞர்கள் நீண்ட சுரத்தின் முடிவில் ஓர் அதிர்வைச் சேர்ப்பார்கள். டேவிஸின் சுரம் பெரும்பாலும் நேராக நிற்கும். கிழக்கு செயின்ட் லூயிஸில் இளவயதில் அவருக்குக் கற்பித்த எல்வுட் புக்கானன், அதிர்வில்லாமல் வாசிக்கும்படி வலியுறுத்தியவர். அந்த நேரான தொனியில் ஒப்பனைக்கு இடமில்லை, ஒரு சுரம் சற்றே தளர்ந்தாலும் வெளியே தெரிந்துவிடும். அவர் சில இடங்களில் சுரத்தை வேண்டுமென்றே முடிவில் தளரவிடுகிறார், அதைக் கேட்கும்போது ஒருவர் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொள்வது போல் இருக்கிறது.

இப்போது அந்த இடைவெளிகளில் பாஸ் என்ன செய்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் படியைச் செய்தவருக்கு இது உடனே கேட்கும். டேவிஸ் நிறுத்தும்போது இசை நிற்பதில்லை. சேம்பர்ஸின் நடை தொடர்கிறது, எவன்ஸின் கார்டு ஒன்று ஓரமாக வந்து போகிறது. தான் பேசாத நேரத்தை யாரோ தாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருப்பவரால்தான் இவ்வளவு நீண்ட இடைவெளி விட முடியும்.

டேவிஸுக்குப் பிறகு வரும் கோல்ட்ரேனைக் கேட்டால் அதே வடிவத்தில், அதே சுரங்களில், முற்றிலும் வேறான மனம் இயங்குவது தெரியும். அவர் இடைவெளியை நிரப்புகிறார், ஒரே கருத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார். ஆடர்லியோ, ஜாஸின் வேர்களில் ஒன்றான புளூஸ் இசையின் மகிழ்ச்சியை எங்கேயும் கைவிடுவதில்லை.

‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றது. இது 12 பார்கள் கொண்ட நேரடியான புளூஸ், ஆல்பத்திலேயே மிகவும் வெளிச்சமான உருப்படி. உள்முகமான இசையைத் தேடி வந்தவர்கள் இதைத் தாண்டிச் செல்ல நினைப்பார்கள்; தாண்ட வேண்டாம். இதன் வெளிச்சத்தில் கண் பழகிய பிறகுதான் அடுத்து வருவதன் இருள் எவ்வளவு ஆழம் என்பது தெரியும்.

ஆறாம் படி: ‘புளூ இன் கிரீன்’, மியூட்டின் குரல்

இந்த ஐந்தரை நிமிடத்துக்குத் தனியாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். இங்கே ஆடர்லி வாசிக்கவில்லை, குழுவில் ஓர் ஆள் குறைவு. டேவிஸ் டிரம்பெட்டின் ஒலி வெளிவரும் அகன்ற முனையில் ஹார்மன் மியூட் என்ற அலுமினியக் கருவியைப் பொருத்தியிருக்கிறார். அதன் கழுத்தைச் சுற்றி முழு வளையமாகக் கார்க் இருப்பதால், காற்று பக்கங்களில் கசியாமல் அனைத்தும் மியூட்டின் உள்ளே சென்றுதான் வெளியேற வேண்டும். அதன் நடுவில் இருக்கும் சிறு குழாயை டேவிஸ் கழற்றிவிட்டு வாசிப்பார். அப்படி வாசிக்கும்போது டிரம்பெட்டின் பருமன் மறைந்து, மெல்லிய உலோக ரீங்காரம் கொண்ட ஒரு குரல் மட்டும் மிஞ்சும். அறையின் மறுமூலையை எட்டாத அந்தக் குரலை, மைக்கின் மிக அருகில் வாசிப்பதன் மூலம் நம் காதருகே கொண்டுவருகிறார். பெரிய மண்டபத்துக்காகவும் அணிவகுப்புக்காகவும் பிறந்த ஒரு கருவி, ஒரே ஒருவரிடம் தாழ்ந்த குரலில் பேசுவதாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதன் சுற்று 10 பார்களே. நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று பழகிய காது சுற்றின் முடிவை எதிர்பார்க்கும் இடத்தில் முடிவு வராது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வட்டமாக அது சுழலும். தனி வாசிப்பவர் மாறும்போது கார்டுகள் நகரும் வேகமும் இரட்டிக்கிறது, பிறகு மீண்டும் தளர்கிறது. தாள நடை அதே நிலையில் இருக்க, கார்டுகளின் காலம் மட்டும் சுருங்கி விரிவதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. வழி என்னவென்றால், மீண்டும் பாஸைக் கேளுங்கள்: கார்டு எப்போது மாறுகிறது என்பதை முதலில் சொல்வது அதுதான். டேவிஸ், எவன்ஸ், கோல்ட்ரேன், மீண்டும் எவன்ஸ், மீண்டும் டேவிஸ் என்று போன வழியே திரும்பி வரும் வரிசையையும் கவனியுங்கள்.

ஏழாம் படி: இரண்டாம் பக்கம்

‘ஆல் புளூஸ்’ ஆறு எண்ணிக்கையில் அசைந்தாடும் 12 பார் புளூஸ். சேம்பர்ஸ் ஒரே சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் பியானோ நடுங்கும் சுரங்களைப் பரப்ப, சாக்ஸபோன்கள் இரண்டும் ஊஞ்சல்போல ஆட, டேவிஸ் மெட்டை மியூட்டோடு வாசிக்கிறார். தன் தனி வாசிப்புக்கு அதைக் கழற்றிவிடுகிறார், முடிவில் மீண்டும் பொருத்திக்கொள்கிறார். ஒரே மனிதரின் இரண்டு குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ மெட்டே இல்லாத உருப்படி. ஐந்து சுர வரிசைகள் மட்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பதைத் தனி வாசிப்பவரே முடிவு செய்வார். நம் தாய் ராகங்களின் பெயர்களில் சொன்னால், சங்கராபரணம், அரிகாம்போதி, மீண்டும் சங்கராபரணம், தோடி, கரகரப்பிரியா என்று ஏறக்குறைய அந்த ஐந்தும் வரும், ஒவ்வொன்றும் தனக்கான சட்ஜத்தோடு. நான்காவதாக வரும் தோடியின் சுரங்களில்தான் பெயரில் உள்ள ஸ்பானிய நிறம் தெரிகிறது. ஒவ்வொருவரும் அந்த இடத்தை அடையும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் சட்டென்று மாறும். எப்போது நகரப் போகிறோம் என்பதைத் தனி வாசிப்பவர் தன் வாசிப்பாலேயே உணர்த்த வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டு உடன் நகர வேண்டும். ஆறு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒன்பது நிமிடமே சாட்சி.

இதற்கு ஓர் அரிய வாய்ப்பும் உண்டு. அதே நாளில் பதிவான இன்னொரு முழு வாசிப்பு 1997ஆம் ஆண்டுப் பிரதியின் இறுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதலாவது நன்றாக மனதில் படிந்த பிறகு, சில நாட்கள் கழித்து மற்றதைக் கேளுங்கள். அதே ஐந்து வரிசைகள், அதே ஆட்கள், ஆனால் டேவிஸ் தொடங்கும் சொல்லே வேறு. எழுதி வைத்து வாசித்தது எது, அந்தக் கணத்தில் பிறந்தது எது என்ற கேள்விக்கு எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது.

அடுத்து எங்கே

இந்த ஆல்பத்தில் சில வாரங்கள் தங்கிய பிறகு, டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் ‘செட்’ என்ற 1959ஆம் ஆண்டு ஆல்பத்துக்குச் செல்லுங்கள். தனிமையும் மென்மையும் அதிலும் உண்டு, ஆனால் இங்கே மைல்ஸ் விட்ட இடைவெளிகளில் பேக்கர் ஒரு பாடகனைப் போல மெட்டை நீட்டிப் பாடுகிறார். அதில் பல உருப்படிகளில் பியானோ வாசிப்பவர் பில் எவன்ஸ், பாஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். டிரம்பெட் உள்ளே வருவதற்கு முன்பே அந்த பாஸை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.